கொளஞ்சிதீரியத்தின் பங்காளி

இனி வரப்போவதில் ஓரெழுத்துப் பொய் கிடையாது. ஈரத்துணியோடு கோயில் வாசலில் நிறுத்தி, கற்பூரத்தை அணைத்துச் சொல்லச் சொன்னாலும் இதையேதான் சொல்ல வேண்டியிருக்கும். முள்ளுக்கரம்பை ஐயனார் பொய் சொன்னவன் நாக்கைப் பிடுங்கிவிடுவார் என்று பெயர் வாங்கியவர். இந்தக் கதையில் நாக்குக்கு முக்கியமான வேலை இருக்கிறது. ஆகவே அந்த விஷயத்தில் யாரும் விளையாட மாட்டார்கள்.

அரியலூருக்குக் கிழக்கே முள்ளுக்கரம்பை. அங்கே சுண்ணாம்புக்கல் தோண்டித் தோண்டி, கடைசியில் தோண்ட ஒன்றுமில்லாமல் பள்ளம் மட்டும் மிஞ்சியது. பள்ளத்தில் பச்சைத் தண்ணீர். அதில் விழுந்த ஆடு திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. கொளஞ்சி அந்தச் சுரங்கத்தில் முப்பது வருஷம் துளைபோடும் இயந்திரம் பிடித்தவன். சுரங்கம் மூடியதும் கையில் வேலை இல்லை, வலதுகையில் நடுக்கம் மட்டும் இருந்தது. அந்த நேரத்தில்தான் டாக்டர் இருதயமேரி சல்லடைகளோடு வந்து இறங்கினார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, எலும்பு படித்த டாக்டர். பள்ளத்தின் மேல்விளிம்பில் இருந்த செம்மண்ணை அள்ளி, தண்ணீரில் அலசி, சல்லடையில் மிஞ்சுவதைப் பொறுக்க வேண்டும். அதுதான் வேலை.

"என்னத்தைங்கம்மா பொறுக்கணும்?" என்று கேட்டான் கொளஞ்சி.

"பல்லு."

"யாரு பல்லு?"

"டைனோசருக்குக் காலடியில ஒளிஞ்சு பிழைச்ச சின்னப் பிராணிங்களோட பல்லு. பால் குடிக்கிற சாதிதான், நம்மள மாதிரி. அப்ப இந்தியா தனித் தீவு, தெற்கேயிருந்து மெதுவா மிதந்து வந்துகிட்டு இருக்கு. அந்தத் தீவுல அதுங்க கூட்டமா வாழ்ந்துச்சு. அப்புறம் பூண்டோட போச்சு. இந்தப் பக்கம் எலும்புக்கூடு ஒண்ணும் கிடைக்கல. அங்கொண்ணு இங்கொண்ணா பல்லுதான். அதுங்க யாருக்கு உறவுன்னு இன்னிக்கு வரைக்கும் சண்டை."

"செத்துப்போனதுக்கு உறவு எதுக்குங்கம்மா?"

"நீ சொல்லு, உங்க ஊர்ல எதுக்குக் கேக்கறாங்க?"

கொளஞ்சி சல்லடையைக் கையில் எடுத்துக்கொண்டான். ஏழு வருஷத்துக்கு முன்னால், வேறு சாதிப் பெண் பவுனம்மாளைக் கட்டிக்கொண்ட அன்று, அவன் அண்ணன் கலியமூர்த்தி பங்காளிகள் அத்தனை பேரையும் கூட்டி வைத்து, "இனி இவன் வீட்டு நல்லதுக்கும் நாம இல்ல, கெட்டதுக்கும் இல்ல" என்று அறுத்துவிட்டார். அதிலிருந்து கொளஞ்சிக்கும் அந்தப் பல்பிராணிக்கும் ஒரே நிலைமை.

டாக்டர்களுக்குள் மூன்று கட்சி இருந்தது. பிராணி முட்டையிடும் பிளாட்டிபஸ்ஸுக்கு ஒன்றுவிட்ட உறவு என்றது முட்டைக் கட்சி. எறும்புதின்னிக்குப் பெரியப்பா வழி என்றது இன்னொரு கட்சி. மூன்றாவது அநாதைக் கட்சி. அது யாருக்கும் ஒன்றும் இல்லை, தானாக முளைத்துத் தானாகப் பட்டுப்போன கிளை என்றது. இருதயமேரி எந்தக் கட்சி என்று கேட்டால், "பல்லு கிடைக்கட்டும், சொல்றேன்" என்பார்.

வேலையிடத்தில் ஒரே ஒரு பலகை: 'நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள்.'

சுண்ணாம்புப் பூமிக்காரர்களுக்கு அது பெரிய கஷ்டம். கையில் கிடைத்தது கல்லா எலும்பா என்று தெரிய வேண்டுமானால் நாக்கில் வைக்க வேண்டும். கல் என்றால் வழுக்கிவிடும், பழைய எலும்பு என்றால் ஒட்டிக்கொள்ளும். டாக்டருக்கே அவருடைய வாத்தியார் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். ஆனால் இப்போது டாக்டரின் ஆராய்ச்சி நிலையத்தில் 'நிரப்பி' என்றோர் இயந்திரம் வந்துவிட்டது.

"ஒரு பல்லுக்குள்ள அந்தப் பிராணியோட முழு மரபணு எழுத்தும் இருக்கும்," என்று விளக்கினார் டாக்டர். "ஆனா செல்லரிச்ச ஏடு மாதிரி பாதிதான் படிக்க முடியும். மீதியை நிரப்பி பாத்துக்கும். பக்கத்துல கிடைக்கிற எழுத்தை எடுத்து ஓட்டை இருக்கற இடத்துல ஒட்டும். அப்புறம் கண்ணாடிக் கருப்பையில பிராணி வளரும். அதனால வேற எதுவும் பல்லு மேல படக்கூடாது. வியர்வை படக்கூடாது. எச்சில் படவே கூடாது."

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கொளஞ்சியின் சல்லடையில் அது கிடந்தது. சோளமணி அளவு. மஞ்சளும் கறுப்புமாக, மேலே மடிப்பு மடிப்பாக வரி. டாக்டர் ஜெயங்கொண்டத்தில் இருந்தார். கொளஞ்சி போன் போட்டான். "ஒரு மணி நேரத்துல வந்துடறேன். யாரும் தொடாதீங்க!" என்று டாக்டர் கத்தியது பள்ளத்துக்கு அந்தப்பக்கம் கேட்டது.

போனை வைத்த கை வைத்தபடி இருக்க, முப்பது வருஷப் பழக்கம் தானாகப் பல்லை எடுத்து நாக்கில் வைத்தது.

ஒட்டிக்கொண்டது.

கொளஞ்சிக்கு உச்சந்தலை வரை சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்போடு விக்கலும் பிடித்துக்கொண்டது. மூச்சை அடக்கிப் பார்த்தான், தலையைத் தட்டிப் பார்த்தான், நிற்கவில்லை. துரைக்கண்ணு டீக்கடைக்குப் போய் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தான். கடைக்குப் பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான். டாக்டர் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து இறங்கியபோது காகிதத்தில் மடித்ததை நீட்டினான். விக்கல் அப்போதும் நிற்கவில்லை.

இருதயமேரி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

"ஏழு கோடி வருஷம், கொளஞ்சி! இவ்வளவு சுகமான பல்லை நான் பாத்ததே இல்ல. நம்ம பல்லே இப்படி இருக்காது." பிறகு சந்தேகம் வந்து நிமிர்ந்தார். "நாக்குல வச்சியா?"

"இல்லிங்கம்மா. விக்!"

சொல்லிவிட்டு இடது காதைச் சொறிந்துகொண்டான். பொய் சொன்னால் கொளஞ்சிக்கு இடது காது அரிக்கும். இந்த ரகசியம் பவுனம்மாளுக்கு மட்டும் தெரியும்.

டாக்டர் பல்லை அமிலத்தில் ஊறவைத்து, இந்தக் காலத்து அழுக்கு எதுவும் இருக்கக் கூடாது என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அதில் பாதி எழுத்து அழிந்தது. நிரப்பி நிரப்பியது. மிஞ்சிய பல் கண்ணாடிப் பெட்டிக்குப் போனது. பெட்டிக்குக் கீழே பித்தளைத் தகடு: 'கொளஞ்சிதீரியம். கண்டெடுத்தவர்: ம. கொளஞ்சி, முள்ளுக்கரம்பை.' தீரியம் என்றால் மிருகம் என்று டாக்டர் சொன்னார். கல்யாணப் பத்திரிகையில்கூட அவன் பெயரைப் போடாத ஊரில், பித்தளையில் பெயர். பவுனம்மாள் ஊர்ப் பெண்கள் நாலு பேரைக் கூட்டி வந்து காட்டினாள். கொளஞ்சி மட்டும் அந்தப் பெட்டிப் பக்கமே போகமாட்டான். அடக்கம் என்று எல்லாரும் பாராட்டினார்கள்.

இரண்டாம் வருஷம் பதினொரு குட்டிகள் பிறந்தன. கரும்பழுப்பு நிறம், பூனைக்குட்டி உயரம், முன்னால் உளிபோலப் பற்கள். பின்னங்காலில் உட்கார்ந்து, உள்ளங்கையை நீட்டும். அந்த உள்ளங்கையில் மயிர் இல்லை, ரேகை இருந்தது.

டீக்கடைத் துரைக்கண்ணு வந்து பார்த்தான். "ஏங்க டாக்டரம்மா, என் கடையில ராத்திரியானா மூட்டையைக் கடிக்கிற பெருச்சாளிக்கும் இதுக்கும் என்னாங்க வித்தியாசம்?"

"மண்ணைக் கிண்டிக் கிழங்கு கடிக்கிறவனுக்கு அந்த மாதிரிப் பல்லுதான் வேணும், துரைக்கண்ணு. எந்தக் காலத்துல பொறந்தாலும் சரி. ஒரே வேலை செஞ்சா ஒரே இடத்துல கை காய்ச்சுப் போகுதில்ல? அது மாதிரி. பாத்தா ஒண்ணு போல இருக்கும். உறவு கிடையாது."

"ஏழு கோடி வருஷத்துக்கு அப்பறமும் மூஞ்சி மாறலியே," என்று சொல்லிக்கொண்டே போனான் அவன். கொளஞ்சி தீனித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தான், ரொம்ப நேரமாக.

குட்டிகளை வளர்த்தது அவன்தான். அவற்றை ஒவ்வொன்றாகப் புதைத்ததும் அவன்தான். நிரப்பிய இடத்தில் எங்கோ தையல் பிரிந்துவிட்டது. ஒன்றுக்குக் கண் திறக்கவே இல்லை. ஒன்று பல் வளர்ந்து வளர்ந்து வாய் மூட முடியாமல் செத்தது. ஒன்று காரணமே இல்லாமல், அவன் கையை நக்கிக்கொண்டிருக்கும்போதே விறைத்தது. மூன்று வருஷத்தில் பதினொன்றில் பத்து போய், புதிதாகப் பிறந்ததோடு சேர்த்து இரண்டு மிஞ்சின. நெஞ்சில் வெள்ளைத் திட்டு உள்ள ஒரு தாய், அதற்குப் பிறந்த ஒரு குட்டி. ஆக, போனதில் ஒன்று தகப்பன். தாய்க்கு வெள்ளச்சி என்று பெயர் வைத்திருந்தான். கொளஞ்சி கையில் மட்டும்தான் வெள்ளச்சி அடங்கும். மற்றவர் கை பட்டால் கடித்துவிடும்.

அந்தச் சமயத்தில் உறவுச் சட்டம் வந்தது.

வெளிதேசத்தில் எங்கோ, இப்படி மீட்டெடுத்த பிராணி ஒன்று புதுக் காய்ச்சலைக் கொண்டுவந்து மூன்று ஊரைக் காலிசெய்துவிட்டது. அதன் உறவு யாரென்று தெரியாததால் மருந்தும் தெரியவில்லை. உடனே இங்கே ஓர் ஆணையம். அதன் அதிகாரி திருவேங்கடம், சீரகத் தண்ணீர் நிரம்பிய பிளாஸ்க்கோடு முள்ளுக்கரம்பைக்கு வந்தார். மெதுவாகப் பேசுகிற மனிதர்.

"சட்டம் யாரையும் கொல்லச் சொல்லலீங்க," என்றார். "உயிரோட இருக்கற உறவு யாருன்னு காட்டச் சொல்லுது, அவ்வளவுதான். மாட்டுக்கு உறவா, மாட்டு மருந்து. பன்னிக்கு உறவா, பன்னி மருந்து. யாருக்கும் உறவில்லன்னா நான் எந்த மருந்தை எழுதட்டும்?"

"காட்ட முடியலன்னா?" என்றான் கொளஞ்சி.

"அமைதிப்படுத்திடுவோம்."

"அதுங்க ரெண்டும் அமைதியாத்தானே சார் இருக்கு."

திருவேங்கடம் சீரகத் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தார். "தொண்ணூறு நாள் டயம் இருக்கு."

அன்று சாயங்காலம் டாக்டர் கொளஞ்சியை உட்காரவைத்துப் பேசினார்.

"காதுக்குள்ள எள்ளு மாதிரி மூணு எலும்பு இருக்கு. பால்குடிப் பிராணிக்கு அதுதான் குலம் கோத்திரம் எல்லாம். அந்தக் காலத்துல தாடையில ஒட்டிக்கிட்டிருந்த எலும்பு, கொஞ்சம் கொஞ்சமாப் பிரிஞ்சு காதுக்குள்ள போச்சு. எந்த வழியாப் போச்சுன்னு பாத்தா யாருக்கு உறவுன்னு சொல்லிடலாம்."

"ஸ்கேன் எடுத்துப் பாருங்கம்மா."

"எடுத்தாச்சு. ஒரே படம். மூணு கட்சியும் மூணு விதமாப் படிக்குது. எலும்பைக் கையில குடுத்தாத்தான் ஒத்துப்போம்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

"கையில குடுக்கணும்னா..."

"ஒண்ணு போகணும். ஒண்ணு பொழைக்கும். குட்டிக்குக் காது இன்னும் முத்தல, எலும்பு உதவாது." டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "உறவைக் காட்டலன்னா ரெண்டும் போயிடும், கொளஞ்சி."

எண்பத்தோராம் நாள் காலை. வெள்ளச்சியை அவன்தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். வேறு யார் பிடித்தாலும் துள்ளும், துள்ளினால் எலும்பு சிதையும். கொளஞ்சி அதை நெஞ்சோடு சேர்த்து அணைத்தான். நடுங்குகிற வலதுகை அன்று என்னவோ நடுங்கவில்லை. வெள்ளச்சி அவன் சட்டைப் பொத்தானைக் கடித்து விளையாடிக்கொண்டிருந்தது. டாக்டர் ஊசியோடு வந்தார்.

"டாக்டரம்மா," என்றான் கொளஞ்சி. "அந்தப் பல்லு..."

"என்ன?"

ஊசி அந்தரத்தில் நின்றது. உதவியாளர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே பித்தளைத் தகடு பளபளத்தது.

"ஒண்ணுமில்லிங்கம்மா."

இடது காதைச் சொறிய வேண்டும் போலிருந்தது, கை காலியாக இல்லை. வெள்ளச்சி பின்னங்காலைத் தூக்கித் தன்னுடைய இடது காதை நன்றாகச் சொறிந்துகொண்டது. பிறகு பொத்தானை விட்டுவிட்டது.

எலும்புகள் மூன்றையும் மூன்று கட்சியும் மேஜையைச் சுற்றி நின்று பார்த்தன. முட்டைக் கட்சி முட்டையைக் கண்டது. எறும்புதின்னிக் கட்சி எறும்புதின்னியைக் கண்டது. அநாதைக் கட்சித் தலைவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, யாரோ எலும்பை மாற்றிவிட்டார்கள் என்று போலீஸில் புகார் கொடுத்தார். வெள்ளச்சி செத்தது செத்ததுதான். உறவு மட்டும் தெரியவில்லை.

இன்னும் ஐந்தே நாள். இருதயமேரி சாப்பிடாமல் நிரப்பியின் குறிப்புகளைப் புரட்டினார். ஓட்டைகளை எந்த எழுத்தைக் கொண்டு அடைத்தது என்று அது வரி வரியாகப் பதிந்து வைத்திருந்தது. அந்த எழுத்தை, கோப்பில் இருந்த ஊழியர்களின் ரத்த மாதிரிகளோடு ஒப்பிட்டார். பிறகு கதவைச் சாத்திவிட்டுக் கொளஞ்சியைக் கூப்பிட்டார்.

"நாக்குல வச்சே."

கொளஞ்சி தலையைக் குனிந்தான். "வச்சேங்கம்மா."

"ஏன்டா சொல்லல?"

"பலகை எழுதிப் போட்டிருந்தீங்களேம்மா."

இருதயமேரி சிரித்தார். சிரிப்பு நடுவில் முறிந்தது. "அமிலத்துல முக்கி எடுத்தேன், அப்பவும் ஒரு வெடிப்புல உன் எச்சில் தங்கியிருக்கு. நிரப்பி அதை எடுத்து ஒட்டிடுச்சு. அந்த ரேகை, அந்த உள்ளங்கை... எல்லாம் நீதான்டா. பிடிச்சுக்கச் சொல்லி உன் கையிலயே குடுத்து உன் ரத்தத்தைக் கொன்னுட்டேன்."

நாக்கில் வைத்ததைச் சொல்லிவிட்டதில் கொளஞ்சிக்குப் பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. காதும் அரித்துக்கொண்டே இருந்தது.

திருவேங்கடத்துக்கோ பெரிய நிம்மதி. "எந்த உறவுன்னு சட்டம் கேக்கலீங்க, உறவு இருக்கான்னுதான் கேக்குது" என்று படிவத்தைப் பிரித்தார். 'உயிரோடுள்ள நெருங்கிய உறவு' என்ற இடத்தில் எழுதினார்: மனிதன். ம. கொளஞ்சி, த/பெ மருதமுத்து, முள்ளுக்கரம்பை. "உறவுக்காரர் கையெழுத்துப் போட்டா குட்டி உங்க பொறுப்பு. வீட்டுக்கே கொண்டுபோகலாம். மூணு நாள்ல போட்டுக் குடுத்திடுங்க." குட்டியை அன்றே கூடையில் வைத்துக் கொடுத்தனுப்பினார்கள்.

மறுநாள் பத்திரிகையில் வந்தது. அதற்கு மறுநாள், பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கலியமூர்த்தி தம்பி வீட்டு வாசலில் நின்றார். அறுபது வயது, வெள்ளை மீசை.

பவுனம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். எடுக்கவில்லை.

"என்னடா பண்ணி வச்சிருக்க? அந்த மிருகம் உன் ரத்தமாமே?"

"ஆமாண்ணே."

"உன் ரத்தம்னா யாரு ரத்தம்? அப்பா ரத்தம். அப்பா ரத்தம்னா எனக்கும் பங்காளி. செத்து எத்தினி நாளாச்சு?"

"இன்னியோட ஏழு."

"பதினாறுக்குள்ள காதுல விழுந்தா தீட்டு தீட்டுதான். வர்ற வெள்ளிக்கிழமை ஐயனாருக்குக் காப்புக் கட்டு. இந்த வருஷம் முறை நம்ம வகையறாவுக்கு. பங்காளி சாவுத் தீட்டோட நான் காப்புக் கட்ட முடியுமா? மேலத்தெருக்காரன் இப்பவே சிரிக்கிறான், 'என்னய்யா, பெருச்சாளிக்குக் கருமாதி என்னிக்கு'ன்னு!"

"நான் என்னண்ணே பண்ண?"

கலியமூர்த்தி குரலை இறக்கினார். "அந்தப் படிவத்துல கையெழுத்துப் போடாத. அது எனக்கு உறவில்லன்னு எழுதிக் குடுத்திடு. முடிஞ்சுபோச்சு."

"அப்படி எழுதினா குட்டியைக் கொன்னுடுவாங்கண்ணே."

"குட்டி!" என்றார். கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "இந்தா பாரு. நடந்தது நடந்துபோச்சு. எழுதிக் குடுத்துட்டு வெள்ளிக்கிழமை நீயும் வா. நம்ம ஆளுங்களோட நின்னு காப்புக் கட்டிக்க. பவுனும் வரட்டும். நம்ம வீட்டுப் பொம்பளைங்களோட நின்னு பொங்கல் வைக்கட்டும்."

சொல்லிவிட்டு, அந்தச் சொம்பை எடுத்து மடமடவென்று குடித்தார்.

பவுனம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டு வருஷம் அவள் கைத்தண்ணீரை அந்த வீட்டில் ஒருவரும் தொட்டதில்லை. மடியில் குட்டி, ஆட்டுப்பாலில் நனைத்த திரியைச் சப்பிக்கொண்டிருந்தது.

கொளஞ்சி அவளைப் பார்த்தான்.

"என்னைப் பாக்காத," என்றாள். "எனக்கு ஆசைதான். இல்லன்னு சொன்னா காது அரிக்கும், உன்ன மாதிரி. ஆனா இதுக்கு வாய் இல்ல. நீதான் பேசணும்."

கொளஞ்சி குனிந்து குட்டியின் முதுகைத் தடவினான். சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அது அவன் தொண்டைக்குக் கீழேயே கிடந்தது. கடைசியில் வேறொன்றைச் சொன்னான்.

"அண்ணே, என்னை நீங்க அறுத்துவிட்டுப் பன்னண்டு வருஷம் ஆச்சு. அறுத்துவிட்டவனுக்கு வந்த தீட்டு உங்களுக்கு எப்படி ஒட்டும்? மேலத்தெருக்காரன் கேட்டா அதையே சொல்லுங்க. தைரியமாக் காப்புக் கட்டுங்க."

கலியமூர்த்திக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. காப்பு நடக்கும். தம்பி பக்கத்தில் நிற்கமாட்டான். இந்தத் தடவை அறுத்தது தம்பி.

"அப்ப எங்களுக்கு நீ இல்ல."

"இல்லண்ணே."

காலியான சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவர் போனார். கொளஞ்சி படிவத்தில் கையெழுத்துப் போட்டான்.

பதினாறாம் நாள் தலையை மழித்துக்கொண்டு, தகரப் பெட்டியில் கொடுத்த வெள்ளச்சியைப் பள்ளத்தின் மேல்விளிம்பில் புதைத்தான். பிறந்த வீட்டுக் கோடி போட யாரும் இல்லையே என்று பவுனம்மாள் முனகினாள். இருதயமேரி கைக்குட்டை அகலத்துக்குப் புதுத்துணி கிழித்துக் கொண்டுவந்திருந்தார். "பொறந்த வீடு நான்தானே," என்று பெட்டியின் மேல் போர்த்தினார்.

குட்டி வீட்டில் வளர்ந்தது. மாமனார் பெயரைச் சுருக்கி 'மருது' என்றாள் பவுனம்மாள். கூப்பிட்டால் வரும். உள்ளங்கையை நீட்டி நிலக்கடலை வாங்கும். கொளஞ்சி சாப்பிட உட்கார்ந்தால் எதிரே பின்னங்காலில் உட்கார்ந்துகொள்ளும். ஏழு மாதம் அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள்.

ஐப்பசி மழையில் அதற்குக் காய்ச்சல் வந்தது. ஆணையம் அனுப்பிய கால்நடை மருத்துவர், சின்ன வயசுக்காரர், ஜீப்பிலிருந்து இறங்கி வந்து தொட்டுப் பார்த்தார். படிவத்தையும் பார்த்தார். பிறகு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல மனுஷன்னு போட்டிருக்கு. சட்டப்படி மனுஷ மருந்துதான் எழுதணும், குழந்தைக்குக் குடுக்கற டோஸ்ல."

"அது கேக்குமா சார்?" என்றாள் பவுனம்மாள்.

மருத்துவர் குரலைத் தாழ்த்தினார். "எலி, பெருச்சாளிக்கு வர்ற காய்ச்சல் மாதிரி இருக்கும்மா. அதுக்கு ஒரு மருந்து இருக்கு, பையிலயே வச்சிருக்கேன். ரெண்டு சொட்டு போதும். ஆனா மனுஷ உறவுள்ள உடம்புக்கு அது விஷம். படிவத்தை மீறிக் குடுத்துச் செத்துப்போனா நான் கொலைகாரன்." கொளஞ்சி பக்கம் திரும்பினார். "ஐயா, இதைப் பொறந்ததுலேருந்து பாக்கறவரு நீங்க. படிவத்துல எழுதாம விட்டது ஏதாவது இருக்கா? இருந்தா சொல்லுங்க, இப்பவே குடுத்துடறேன்."

மருது பாயில் கிடந்தபடி உள்ளங்கையை நீட்டியது. நிலக்கடலைக்கு இல்லை, சும்மா.

கொளஞ்சி இடது காதைச் சொறிந்தான்.

"ஒண்ணுமில்லிங்க," என்றான்.

பவுனம்மாள் அவன் கையையே பார்த்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் அவனிடம் பேசியது குறைவு.

மனுஷ மருந்து மூன்று நாள் தாக்குப்பிடித்தது. நாலாம் நாள் காலை கொளஞ்சி தகரப் பெட்டி தேடினான்.

நிலையம் பிறகு மூடப்பட்டது. கண்ணாடிப் பெட்டி நகரத்து அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது, பித்தளைத் தகடோடு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்று அந்தச் சோளமணிப் பல்லைப் பார்க்கிறார்கள். கீழே புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: 'உறவு இன்னும் நிச்சயமாகவில்லை.' மூன்று கட்சிகளும் சௌக்கியமாக இருக்கின்றன.

அன்று விக்கல் வந்தது சிலிர்ப்பினால் அல்ல. நாக்கில் ஒட்டிய பல் தொண்டைக்குள் இறங்கிவிட்டது. எச்சில் தொட்டுத் துடைத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தது, துரைக்கண்ணு மருந்து வைத்துக் கொன்று கடைக்குப் பின்னால் எறிந்திருந்த பெருச்சாளியின் கடைவாய்ப் பல்.